மில்ட்ரெட் என்ற பெயருக்குள் மறைந்துபோன யூத்தா ஜாய்ஸ்

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு நடிகை உயிர் துறந்தார். அவருக்கு 53 வயது நிறைந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன. செய்தியைக் கேட்ட பிரிட்டன் மக்களில் பலருக்கு அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மில்ட்ரெட் இறந்துவிட்டார் என்றுதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் பெயர் யூத்தா ஜாய்ஸ். 1970ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மிகவும் புகழ்பெற்றிருந்த நகைச்சுவை நடிகைகளில் ஒருவர். மில்ட்ரெட் ரோப்பர் என்ற ஒரே பாத்திரம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அந்த ஒரே பாத்திரம்தான் மற்ற கதவுகளையும் அவருக்கு அடைத்தது. திரையில் எல்லாரையும் சிரிக்க வைத்த அந்தப் பெண்மணி, வீட்டில் தனியாக எதை மறைத்து வைத்திருந்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியில் தெரிந்தது.

பாட்டும் பியானோவும் நிறைந்த வீடு

யூத்தா ஜாய்ஸ் நீதம் என்ற முழுப் பெயருடன் 1927 ஆகஸ்ட் 20ஆம் நாள் தென் லண்டனில் உள்ள வான்ட்ஸ்வர்த் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை மேடைப் பாடகர். தாயார் கச்சேரிகளில் பியானோ வாசித்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

மேடைக் கலைஞர் குடும்பம் என்றால் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். வருமானமும் அப்படித்தான், வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கைதட்டலின் இனிமையையும் கையில் காசில்லாத நாளின் கசப்பையும் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்தார் யூத்தா.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது 12. லண்டன் மீது குண்டு விழும் என்ற அச்சத்தில் பள்ளிப் பிள்ளைகளை அரசாங்கம் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்கு அனுப்பி வைத்தது. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் யூத்தாவும் ஒருவர். படிப்பில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. நடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மனத்தில் ஊன்றிவிட்டது.

லண்டனில் நாடகக் கலைக்குப் பெயர்போன ராயல் அகாடமியில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக உலகப் புகழ் பெற்ற ரோஜர் மோர் அவருடன் அங்கே பயின்றவர். மோருக்கு அழகிய முகம் துணை நின்றது. யூத்தாவுக்கு நீண்ட முகம், கூர்மையான கண்கள், சற்றே கரகரத்த குரல். கதாநாயகி வேடங்களுக்கு அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் எதிர்பார்த்த தோற்றம் அதுவன்று. பயிற்சி முடிந்து பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சிறு நாடகக் குழுக்களில் நடித்துக் காலம் தள்ளினார்.

கிழக்கு லண்டனில் கிடைத்த திருப்பம்

அந்த நாள்களில்தான் கிளின் எட்வர்ட்ஸ் என்ற இளம் நடிகரைச் சந்தித்தார். இவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். 1931இல் மலாயாவில், பினாங்கில் பிறந்தவர். தந்தை இங்கே ரப்பர் தோட்டத் துரையாக இருந்தவர். இங்கிலாந்தில் வளர்ந்து நடிகரான எட்வர்ட்ஸும் யூத்தாவும் 1956இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

எட்வர்ட்ஸ் அப்போது நடித்து வந்த குழுவின் பெயர் தியேட்டர் ஒர்க்‌ஷாப். அதை நடத்தியவர் ஜோன் லிட்டில்வுட் என்ற பெண் இயக்குநர். 1953இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் ஈஸ்ட் பகுதியில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய நாடக அரங்கத்தைக் குழு எடுத்துக்கொண்டது. தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி அது. நடிகர்களே அரங்கத்தைக் கூட்டினார்கள், சாயம் பூசினார்கள், கிடைத்த காசைப் பங்கிட்டுக் கொண்டார்கள்.

லிட்டில்வுட்டின் நாடக முறை வேறு. பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் நடக்கும் கதைகளும், அளந்து பேசும் மேல்தட்டு ஆங்கிலமும் அன்றைய மேடைகளை நிறைத்திருந்தன. துறைமுகத் தொழிலாளி, சந்தைக்காரி, சிறைக்கைதி, விலைமகள் ஆகியோரை மேடையேற்றி, அவர்கள் பேசும் மொழியிலேயே பேச வைத்தார் லிட்டில்வுட். ஒருவரே பெரிய நட்சத்திரம் என்ற பேச்சுக்கு அவர் குழுவில் இடமில்லை. ஒத்திகையில் வசனத்தை ஒப்பித்தால் போதாது. அந்தப் பாத்திரம் எப்படி நடக்கும், எப்படி மூச்சு வாங்கும், எதற்குப் பயப்படும் என்பதை நடிகர்களே விளையாட்டாகச் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

யூத்தாவுக்கு இந்தப் பட்டறை ஏற்றதாக அமைந்தது. 1956இல் அக்குழு மேடையேற்றிய போர் வீரன் ஷ்வெய்க் கதையில் அவர் நடித்தார். பிறகு ஃபிராங்க் நார்மன் எழுதி, லயனல் பார்ட் பாடல் அமைத்த ஃபிங்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இசை நாடகம் வந்தது. ரவுடிகளும் சூதாடிகளும் நிறைந்த அந்த நாடகம் 1960இல் லண்டன் மையத்தில் உள்ள கேரிக் அரங்கத்துக்கு மாறி நீண்ட நாள் ஓடியது. அதன் நடிகர் கூட்டத்தில் யூத்தாவும் இருந்தார்.

அதே தியேட்டர் ஒர்க்‌ஷாப் குழுவில் பிரையன் மர்ஃபி என்ற குள்ளமான, அமைதியான இளைஞர் ஒருவரும் இருந்தார். பின்னாளில் உலகமே தங்களை ஒரு ஜோடியாக நினைக்கப் போகிறது என்று இருவருக்கும் அப்போது தெரியாது. லிட்டில்வுட் இயக்கிய ஸ்பாரோஸ் கான்ட் சிங் என்ற படத்தில் இருவரும் நடித்தார்கள். அது வெளியான ஆண்டு 1963.

ஒரே காட்சியில் பேசப்பட்டவர்

அறுபதுகளில் யூத்தாவுக்குத் திரைப்பட வாய்ப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் சின்னச் சின்ன வேடங்கள். 1964இல் வெளிவந்த தி பம்ப்கின் ஈட்டர் படம் அவற்றுள் முக்கியமானது. ஹெரால்ட் பிண்டர் திரைக்கதை எழுதிய படம். கதாநாயகி ஆன் பேன்கிராஃப்ட் முடி அலங்காரக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், முதலில் பணிவாகப் பேச்சுக் கொடுக்கிறாள். பேச்சு மெல்ல மெல்லத் தன் துக்கத்துக்குத் தாவுகிறது. அடுத்த நொடி அது வெறுப்பாகவும் மிரட்டலாகவும் மாறுகிறது. சில நிமிடமே வரும் அந்தப் பெண்ணாக நடித்தவர் யூத்தா. படம் பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சியாக அது நின்றது. நகைச்சுவை நடிகை என்று மட்டும் அவரை எண்ணுபவர்கள் பார்க்க வேண்டிய காட்சியும் அதுதான்.

1965இல் வந்த ஃபனாட்டிக் என்ற திகில் படத்தில் அவர் வீட்டு வேலைக்காரியாக நடித்தார். 1966இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ் படத்திலும் அவர் உண்டு. நீதிபதி தாமஸ் மோருக்கு வெள்ளிக் கிண்ணத்தைக் கையூட்டாகக் கொடுக்கும் பெண்ணின் வேடம் அவருக்கு.

தொலைக்காட்சியில் போலீஸ் கதை, துப்பறியும் கதை, குடும்பக் கதை எதுவானாலும் ஒரு பகுதியில் வந்து போவார். 1968 முதல் 1971 வரை பிபிசியில் ஒளியேறிய மீ மாமி நகைச்சுவைத் தொடரில் அவருக்கு நிலையான வேடம் கிடைத்தது. முகம் பழகியது. பெயர் மட்டும் பழகவில்லை.

தொழில் மெல்ல ஏறிய அதே வேளையில் வீடு பிரிந்தது. 1968இல் யூத்தாவும் எட்வர்ட்ஸும் மணவிலக்குப் பெற்றார்கள். பிள்ளைகள் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்களாக அவர்கள் நடந்துகொள்ளவில்லை. நட்பு தொடர்ந்தது. 1972இல் வெளிவந்த பர்க் அண்ட் ஹேர் படத்தில் இருவரும் கணவன் மனைவியாகவே நடித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கீழ்வீட்டு அம்மாள்

1973 ஆகஸ்ட் மாதம். தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் மேன் அபவுட் தி ஹவுஸ் என்ற புதிய நகைச்சுவைத் தொடரை ஒளியேற்றத் தொடங்கியது. எழுதியவர்கள் ஜானி மார்ட்டிமரும் பிரையன் குக்கும். இருவரும் முதலில் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்தவர்கள்.

கதை எளிது. லண்டனில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு இளம் பெண்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். விருந்து முடிந்த மறுநாள் காலை, குளியல் தொட்டியில் ஓர் இளைஞன் தூங்கிக் கிடக்கிறான். அவன் சமையல் கலை படிக்கும் மாணவன். நன்றாகச் சமைக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவனையும் தங்களோடு தங்க வைத்துக்கொள்கிறார்கள். திருமணமாகாத ஆணும் பெண்களும் ஒரே வீட்டில் இருப்பதா என்று முகம் சுளித்த காலம் அது. கதையோ விரசம் இல்லாமல் வெறும் குறும்பிலேயே ஓடியது.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர்கள்தான் ஜார்ஜ் ரோப்பரும் அவர் மனைவி மில்ட்ரெட்டும். ஜார்ஜாக வந்தவர் பிரையன் மர்ஃபி. மில்ட்ரெட்டாக வந்தவர் யூத்தா ஜாய்ஸ். கதையின் ஓரத்தில் வந்து போக வேண்டிய இரண்டு பேர். மூன்று இளைஞர்களின் கதையைப் பார்க்க உட்கார்ந்த மக்கள், கீழ்வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள்.

ஜார்ஜ் சோம்பேறி, கஞ்சன், எதற்கும் துணியாதவர். மனைவி ஆசையோடு பக்கத்தில் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார். மில்ட்ரெட் நேர்மாறு. உயர்த்திக் கட்டிய பொன்னிறக் கொண்டை, பளிச்சென்ற பூப்போட்ட நீள அங்கி, கழுத்து நிறைய மணிமாலை, காதில் தொங்கும் பெரிய தோடு. வாழ்க்கையில் இன்னும் கொஞ்சம் அன்பும் இன்னும் கொஞ்சம் மதிப்பும் வேண்டும் என்று ஏங்கும் நடுவயதுப் பெண். கணவன் ஏமாற்றும்போதெல்லாம் ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, உடனே ஒரு குத்தல். அந்தக் குத்தலுக்கு முந்திய ஒரு நொடி மௌனத்தில்தான் யூத்தாவின் திறமை இருந்தது. மில்ட்ரெட்டின் வருத்தம் அந்த ஒரு நொடியில் தெரியும். சிரிப்பு அதற்குப் பிறகுதான் வரும்.

1976 ஏப்ரல் வரை ஆறு தொகுப்புகளாக 39 பகுதிகள் ஒளியேறின. இதற்கிடையே 1974இல் அது திரைப்படமாகவும் வந்தது.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

இளைஞர்களின் கதை முடிந்தாலும் ரோப்பர் தம்பதியை விட மக்களுக்கு மனமில்லை. 1976 செப்டம்பரில் ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட் என்று அவர்கள் பெயரிலேயே புதிய தொடர் தொடங்கியது. பழைய வீட்டை நகராண்மைக் கழகம் கையகப்படுத்திவிட, தம்பதி ஹாம்ப்டன் விக் என்ற வசதியான புறநகரில் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள்.

அங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது. மில்ட்ரெட்டுக்குப் புது இடத்தில் நாலு பேர் மதிக்க வாழ வேண்டும் என்று ஆசை. ஜார்ஜுக்குப் பழைய பழக்கத்தை விட மனமில்லை. பக்கத்து வீட்டு ஜெஃப்ரி ஃபோர்மைல் வீடு விற்பனை முகவர். ரோப்பர் குடும்பத்தால் தன் தெருவின் தரம் இறங்கிவிட்டதாக அவருக்குக் கவலை. அவர் மனைவி ஆனுக்கோ மில்ட்ரெட்டைப் பிடித்துப்போகிறது. அவர்களுடைய சிறு பையன் டிரிஸ்ட்ரம் ஜார்ஜின் நண்பனாகிவிடுகிறான். பணக்காரச் சகோதரி எத்தல் வந்து போகும்போதெல்லாம் மில்ட்ரெட்டின் மனம் வெந்து போகும்.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறத் துடிக்கும் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற உறுத்தல், உறவினர் முன் காட்டும் வீம்பு. தோட்ட வரிசை வீட்டிலிருந்து பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோன எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும். கடல் தாண்டியும் மக்கள் அந்தத் தொடரை விரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை.

1979 கிறிஸ்துமஸ் நாள் வரை 38 பகுதிகள் ஒளியேறின. அமெரிக்காவிலும் அதே பாத்திரங்களுக்குப் புது உருவம் கிடைத்தது. முதல் தொடரைத் தழுவி 1977இல் அங்கே திரீஸ் கம்பெனி வந்தது. 1979இல் தி ரோப்பர்ஸ் வந்தது. அமெரிக்க வீட்டுக்கார அம்மாளாக நடித்தவர் ஆட்ரா லிண்ட்லி. ஒரு பாத்திரம் இன்னொரு நாட்டில் இன்னொரு நடிகையின் மூலம் மறுபிறவி எடுக்கும் அளவுக்கு அதை உருவாக்கியவர் யூத்தா.

இத்தகைய தொடர் தயாராகும் முறையும் கடினமானது. ஒரு பகுதிக்குச் சில நாள் ஒத்திகை. பிறகு ஒரே மாலையில், அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் மக்கள் முன்னிலையில் ஒளிப்பதிவு. ரசிகர் சிரித்தால் நிறுத்தி, சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். கேமரா ஒரு பக்கம், ரசிகர் ஒரு பக்கம். நாடக மேடையில் பழகியவர்களுக்குத்தான் அது கைவரும். ஸ்ட்ராட்ஃபர்ட் ஈஸ்டில் சேர்ந்து வியர்வை சிந்திய யூத்தாவும் மர்ஃபியும் ஒருவர் கண்ணசைவை மற்றவர் புரிந்து நடித்தார்கள். கணவன் மனைவி என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அவர்கள் நெருங்கிய நண்பர்கள் மட்டுமே.

திரைக்கு வெளியே யூத்தா மில்ட்ரெட்டைப் போன்றவர் அல்லர். அதட்டிப் பேசாதவர், கூச்ச சுபாவம் உள்ளவர், உடன் நடிப்பவர்களிடம் தாராளமாக இருப்பவர். நாய்கள் மீது உயிர். பிராணிகள் நலனுக்காக உழைத்த அமைப்புகளுக்கு உதவி செய்தவர்.

புகழ் போட்ட பூட்டு

இருபது ஆண்டுக்கு மேல் உழைத்த பிறகு 46 வயதில் கிடைத்த புகழ். அதைப் பெற்றவர் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தும் இருந்தார். ஆனால் தெருவில் நடந்தால் மக்கள் மில்ட்ரெட் என்று கூப்பிட்டார்கள். ஜார்ஜ் எங்கே என்று கேட்டார்கள். தொலைக்காட்சிப் பருவம் முடிந்தால் அதே பாத்திரத்தை மேடை நாடகமாகக் கொண்டு போனார்கள். ஆஸ்திரேலியா வரை அந்த மேடைப் பயணம் நீண்டது. 1980இல் அதே பாத்திரத்தை வைத்துத் திரைப்படமும் எடுத்தார்கள். அந்தப் படம் விமர்சகர்களிடம் நல்ல பெயர் எடுக்கவில்லை.

பிண்டரின் வசனத்தைப் பேசியவர், லிட்டில்வுட்டின் மேடையில் வளர்ந்தவர் என்ற பழைய கணக்கு எல்லாருக்கும் மறந்துபோனது. வேறு வகை வேடம் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். எந்த வேடம் போட்டாலும் மக்கள் மில்ட்ரெட்டைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒரே வேடத்தில் சிக்கிக்கொண்டோமே என்ற கவலை யூத்தாவை அரித்தது. மில்ட்ரெட்டை விட்டால் வேலை இல்லாமல் போகுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. காசில்லாத நாள்களைக் கண்டு வளர்ந்தவருக்கு அந்தப் பயம் சிறியதன்று.

மாலையில் ஒளிப்பதிவு முடியும். கைதட்டல் ஓயும். வீட்டுக்குத் திரும்பினால் தனிமை. அந்தத் தனிமைக்குத் துணையாகப் பிராந்தி வந்தது.

யாருக்கும் தெரியாத பாதிப் போத்தல்

யூத்தா குடிப்பார் என்பது உடன் நடித்தவர்களுக்குத் தெரியும். நாடகக்காரர் கூட்டத்தில் ஒரு கோப்பை மது யாருக்கும் புதிதன்று. எவ்வளவு குடித்தார் என்பதுதான் பலருக்குத் தெரியாது. அவர் வேலைக்குத் தள்ளாடி வந்ததில்லை. வசனத்தை மறந்ததில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், அனைவரிடமும் அன்பாகப் பேசிவிட்டுப் போனார். வேலையைக் கெடுக்காத குடி ஆபத்தில்லாத குடி என்று மற்றவர்களும் எண்ணினார்கள், ஒருவேளை அவரும் எண்ணியிருக்கக்கூடும்.

கல்லீரல் சத்தம் போடாத உறுப்பு. உள்ளே போகும் மதுவை உடைத்து அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் அதனுடையது. ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் அதன் திசுக்கள் செத்துத் தழும்பேறுகின்றன. பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் மிச்சம் உள்ள பகுதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். வலி இருக்காது. சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு என்று சிறு அறிகுறிகள் மட்டுமே தெரியும். கண் மஞ்சளாகி, கால் வீங்கும் நாளில் காலம் கடந்திருக்கும்.

1980 கோடையில் யூத்தாவின் உடல்நலம் வேகமாகச் சரிந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிரையன் மர்ஃபி அங்கே அவர் பக்கத்தில் இருந்தார். ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட் தொடரின் அடுத்த தொகுப்புக்குத் திட்டமிட்டிருந்த நேரம் அது. 53ஆவது பிறந்த நாள் மருத்துவமனையிலேயே கழிந்தது. ஆகஸ்ட் 24ஆம் நாள் கல்லீரல் செயலிழந்து அவர் காலமானார்.

பிறகு நடந்த மரண விசாரணையில்தான் உண்மை முழுதாக வெளியே வந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக அவர் நாளொன்றுக்குப் பாதிப் போத்தல் பிராந்தியாவது குடித்து வந்தார் என்றும், கடைசிக் காலத்தில் அந்த அளவு இன்னும் கூடியது என்றும் தெரிவிக்கப்பட்டது. ஒரே பாத்திரத்தில் அடைபட்டுப் போனதாக அவர் வருந்தியதும் அங்கே சொல்லப்பட்டது. நாட்டையே சிரிக்க வைத்த ஏழு ஆண்டுகளும் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள்தான் அடங்கியிருந்தன.

உடன் நடித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். தினமும் பக்கத்தில் இருந்தும் கவனிக்காமல் விட்டோமே என்ற வருத்தம் அவர்களைப் பல ஆண்டு விடவில்லை. வடக்கு லண்டனில் உள்ள கோல்டர்ஸ் கிரீன் மின்சுடலையில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.

இறந்த பின் கேட்ட பாட்டு

மில்ட்ரெட் இல்லாமல் ஜார்ஜ் இல்லை என்று தேம்ஸ் நிறுவனம் முடிவெடுத்தது. வேறு நடிகையைப் போட்டுத் தொடரை இழுக்கவில்லை. அடுத்த தொகுப்பு கைவிடப்பட்டது. பிரையன் மர்ஃபி பல தொடர்களில் நடித்து, 92 வயது வரை வாழ்ந்து 2025 பிப்ரவரியில் மறைந்தார். முன்னாள் கணவர் கிளின் எட்வர்ட்ஸ், மைண்டர் என்ற தொடரில் மதுக்கடைக்காரர் டேவ் வேடத்தில் புகழ்பெற்று 2018இல் மறைந்தார்.

யூத்தா இறந்து சில மாதம் கழித்து, 1981 ஜனவரியில், பாடகர் மேக்ஸ் பைகிரேவ்ஸ் நடத்திய நிகழ்ச்சி ஒன்று ஒளியேறியது. யூத்தா உயிரோடிருந்தபோது பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி அது. அதில் அவர் மில்ட்ரெட்டாக வரவில்லை. தன் சொந்த முகத்தோடு நின்று, பிரிவைப் பற்றிய ஒரு பழைய பாட்டைப் பாடினார். பாடகர் தந்தைக்கும் பியானோ வாசித்த தாய்க்கும் பிறந்த மகளின் குரலை மக்கள் அன்றுதான் உன்னிப்பாகக் கேட்டார்கள். பாட்டின் முடிவில் அவர் கண் கலங்கியிருந்தது. அது பதிவான நாளில் அதன் பொருள் யாருக்கும் புரிந்திருக்காது. ஒளியேறிய நாளில் புரியாதவர் இல்லை.

1986இல் தி ஸ்மித்ஸ் என்ற புகழ்பெற்ற இசைக்குழு, ஆஸ்க் என்ற தன் இசைத்தட்டின் உறையில் யூத்தாவின் இளவயதுப் படத்தை அச்சிட்டது. மில்ட்ரெட்டுக்கு முந்திய யூத்தா, கூரிய கண்ணும் நீண்ட முகமுமாக அந்த உறையில் இருந்து பார்க்கிறார். தொடரைப் பார்க்காத ஒரு தலைமுறைக்கு அந்த முகம் அப்படித்தான் அறிமுகமானது.

அவர் நடித்த தொடர்கள் இன்றும் மறு ஒளிபரப்பாகின்றன. ஜார்ஜ் நழுவுகிறார், மில்ட்ரெட் பெருமூச்சு விடுகிறார், அரங்கம் சிரிக்கிறது. கூடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம். வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், யாரிடமும் சண்டைக்கு நிற்பதில்லை என்பதால் அவருக்குக் குறை இல்லை என்று ஆகிவிடாது. யூத்தா ஜாய்ஸைச் சுற்றி அன்பானவர்கள் பலர் இருந்தார்கள். அந்தச் சாத்திய கதவை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றாமல் போனதுதான் பெரிய சோகம்.